தாத்தா வருகிறார், சத்தமாகக் கூப்பிடுங்கள்

வெர்னா ஸாடோ எங்கும் கைதட்டுவதில்லை. பள்ளி ஆண்டு விழாவிலும் சரி, கால்பந்துக் கோப்பை ஊருக்கு வந்த அன்றும் சரி, எல்லாரும் உள்ளங்கை சிவக்கத் தட்டிக்கொண்டிருக்க, அவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். புதிதாகக் குடிவந்தவர்கள் அதைக் கர்வம் என்பார்கள். எங்கள் ஊர் வில்காராவின் பழைய ஆட்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அந்தக் கிறிஸ்துமஸ் விழா மதியம் ஊர் ஹாலில் இருந்தவர்கள் நாங்கள்.

ரயில் பாதை பழுது பார்ப்பவரின் மகள் அவள். இருபது வயதில் லான்ஸ் ஸாடோவைக் கட்டிக்கொண்டு கோதுமைக் காட்டுக்கு வந்தாள். வந்த மாதமே ஹால் சமையலறையில் பாத்திரம் அடுக்கும் முறையை மாற்றினாள். மூன்றாம் வருடம் விழாக் குழு அவள் கைக்கு வந்தது. அதன் பிறகு அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை, அவளும் யாரிடமும் கொடுக்கவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால்தான் ஊர்ப் பிள்ளைகளுக்காக இப்படி ஓடுகிறாள் என்று யாராவது உருகினால், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல. எனக்கு ஆளுங்கள வேலை வாங்கப் பிடிக்கும், அவ்வளவுதான்" என்பாள். அது உண்மையும்கூட. பாவ்லோவா, அந்த முட்டைநுரைக் கேக், வீட்டில் செய்து கொண்டுவரச் சொன்னவள் கடையில் வாங்கிய கேக்கோடு வந்தால், வெர்னா அந்தத் தட்டை மேசையின் கடைசி மூலையில், ஜெல்லிக்குப் பின்னால் வைப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். அடுத்த வருடம் பாவ்லோவா வரும்.

லான்ஸ் இதற்கு நேர் எதிர். கூட்டம் என்றால் ஒதுங்குகிற மனிதன். ஹாலுக்கு அவன் வருவது ஓட்டுப் போடவும் சாவுக்கும்தான். அறுப்பு நாட்களில் மட்டும் இருவரும் ஒரே வேலையில் இருப்பார்கள். அவன் அறுப்பு இயந்திரத்தை ஓட்டுவான். அவள் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் ஏற்றிய பிக்கப் வண்டியில் வயலோரம் உட்கார்ந்திருப்பாள். காய்ந்த கோதுமையில் ஒரு பொறி போதும். எங்கள் பக்கம் எல்லாப் பெண்களும் இப்படி வண்டியில் உட்கார்ந்து பின்னியிருக்கிறோம், கடிதம் எழுதியிருக்கிறோம், பிள்ளைக்குப் பால் கொடுத்திருக்கிறோம். ஒன்றும் நடக்காது. ஆனாலும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கம் கிறிஸ்துமஸ் வருவது கோடை அறுப்பின் நடுவில்; அதற்கு முந்தைய சனிக்கிழமை ஹாலில் 'மரம்'. அப்படித்தான் அந்த விழாவுக்குப் பெயர். பெற்றோர் பிள்ளையின் பெயர் எழுதிய பொட்டலத்தை முன்கூட்டியே வெர்னாவிடம் ரகசியமாகச் சேர்த்துவிடுவார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா மூட்டையோடு வந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கொடுப்பார். தாத்தா வேறு யாருமில்லை, தானியம் சேமிக்கும் கோபுரத்தில் வேலை பார்க்கும் க்ளெம் நோட்லிதான். அவனுக்குத் தலையணை கட்ட வேண்டியதில்லை, தொந்தி சொந்தம்.

முந்தைய வருடம் அது படுத்துவிட்டது. க்ளெம் பின்கதவு வழியாக, கழிப்பறைப் பக்கமிருந்து, குனிந்துகொண்டு நுழைந்தான். முன்வரிசையில் இருந்த ஒரு பொடிசு அவன் காலைப் பார்த்துவிட்டு, "அம்மா, இது க்ளெம் மாமாவோட பூட்ஸ்!" என்று கத்தியது. ஹால் சிரித்தது. பெரிய பிள்ளைகள் தாடியைப் பிடித்து இழுத்தார்கள். அடுத்த வாரம் இரண்டு தாய்மார்கள், இனிமேல் ஆற்றோர ஊர்ப் பெரிய கடைக்கே பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம், அங்கே தாத்தாவுக்குச் சிம்மாசனம் எல்லாம் போட்டிருக்கிறார்கள் என்று பேசியது வெர்னாவின் காதுக்கு எட்டியது.

அது போதும் அவளுக்கு. நவம்பரிலேயே எங்களைத் தன் வீட்டுச் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார வைத்துவிட்டாள். நான், க்ளெம், தீயணைப்புப் படைத் தலைவன் மெர்வ். படை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஊர் ஆண்கள்தான் படை. கொட்டகைச் சைரன் கேட்டால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு, தீயணைப்பு வண்டி நிற்கும் அந்தக் கொட்டகைக்கு ஓடுவார்கள். மெர்வ் மற்ற நாட்களில் மெக்கானிக்.

"தாத்தா இந்த வருஷம் தீயணைப்பு வண்டியில வர்றார்" என்றாள் வெர்னா. "மேல நாற்காலி கட்டி, அதுல உட்கார்ந்து, மெயின் ரோட்டுல. வர்றதுக்கு முன்னாடி சைரன்."

"சைரனா?" என்றான் மெர்வ்.

"ஆமா. ஊரே நிமிந்து பாக்கணும்."

"நான் மேலேருந்து விழுந்துட்டேன்னா?" என்றான் க்ளெம்.

"நீ விழுந்தா ரோடுதான் பாவம்."

மெர்வ் டீக்கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "அது இல்ல வெர்னா. சைரன் வந்து... நிஜமாவே தீப்பிடிச்சா என்ன பண்றது?"

"நிஜத்துக்கு நிறுத்தாம அமுக்குவீங்க. தாத்தாவுக்கு மூணு தடவை விட்டு விட்டு அமுக்கு. அது கூடவா வித்தியாசம் தெரியாது மனுஷனுக்கு? காது இருக்கில்ல எல்லாருக்கும்?"

அப்போது லான்ஸ் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். கெட்டிலைத் தொட்டுப் பார்த்தான். எங்களைப் பார்க்காமலே, "சைரன் தீக்குத்தான்" என்றான்.

"வருஷத்துல ஒரு நாள், லான்ஸ்."

அவன் டீயை ஊற்றிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டான். வெர்னா எங்களைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். "இவருக்கு எங்க கல்யாணத்தன்னைக்கு சர்ச்சுல மணி அடிச்சதே அனாவசியம்." மெர்வ் சிரித்தான். சிரித்ததும் சம்மதித்த மாதிரி ஆகிவிட்டது.

திட்டம் என்றால் திட்டம், அப்படி ஒரு திட்டம். பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்று ஹால் ஜன்னல் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகச் சுருக்குக் காகிதம் ஒட்டினாள். கால்பந்து மன்றத்திலிருந்து மைக்கும் ஒலிபெருக்கியும் வாங்கி வந்து, ஒன்றை உள்ளேயும் ஒன்றை வெளியே தெருவைப் பார்த்தும் கட்ட வைத்தாள், தாத்தாவுக்குப் பிள்ளைகள் கூப்பிடுவது கேட்க வேண்டுமே. க்ளெமுக்குப் புது பூட்ஸ், கறுப்பு. ஹாலுக்குப் பின்னால் டென்னிஸ் மன்றத்து அறையில் அவன் உடை மாற்ற வேண்டும். நான்கு மணிக்கு மெர்வ் வந்து அவனைத் தன் காரில் மறைத்துக் கொட்டகைக்குக் கூட்டிப் போக வேண்டும். பரிசு மூட்டை காலையிலேயே வண்டியில் ஏறிவிட்டது. சாவி எப்போதும் வண்டியிலேயே தொங்கும். முதலில் வருகிறவன் எடுத்துக்கொண்டு போவான். பிள்ளைகள் யாராவது ஏறி மூட்டையைக் கிளறிவிடுவார்கள் என்று அன்று மட்டும் சாவியை மெர்வ் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அதுவும் வெர்னா சொன்னதுதான்.

விழா அன்று மதியம் நாங்கள் சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவி வண்ண மிட்டாய்த் தூள் தூவிக்கொண்டிருந்தோம். வெர்னா வெள்ளைச் செருப்பும் பூப்போட்ட கவுனுமாக இருந்தாள். சாசேஜ் ரோல் தட்டை அடுப்புக்குள் தள்ளிவிட்டுக் கதவைப் படாரென்று சாத்தினாள்.

"காலையில என்ன சொன்னார் தெரியுமா? ரோட்டோரக் கோதுமைக் காடு ஒண்ணுதான் பாக்கியாம். இன்னைக்கே முடிக்கணுமாம். பம்ப் வண்டியில நான் வந்து உட்காரணுமாம். இன்னைக்கு!"

"நீ என்ன சொன்னே?"

"நாளைக்கு அறுத்துக்கோன்னேன். நாளைக்கு ஆலங்கட்டி மழைன்னு ரேடியோவுல சொல்றானாம். அந்த ரேடியோக்காரன் வாரா வாரம் மழை சொல்றான். என்னைக்கு வந்திருக்கு?"

"அப்ப அறுக்கலையா?"

"அறுக்காம இருப்பாரா? 'நானே பாத்துக்கறேன்'னுட்டுப் போயிட்டார்." அவள் துணியில் கையைத் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். "காத்து இல்ல. காத்து இல்லாத வரைக்கும் ஒண்ணும் ஆகாது. இல்லையா?"

ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னேன். யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

ஹால் நிரம்பிவிட்டது. மின்விசிறிகள் சுற்றியும் உள்ளே அனல்தான். காகிதம் ஒட்டிய ஜன்னல்களைத் திறக்கவும் முடியாது. காகிதத்தின் வழியே வந்த வெயிலில் குழந்தைகளின் முகம் பாதி சிவப்பாகவும் பாதி பச்சையாகவும் இருந்தது. ஆண்கள் ஐஸ் பெட்டியைச் சுற்றிச் சுவரோரம் நின்றார்கள். மெர்வ் சமையலறை வாசலில் பீரோடு சாய்ந்துகொண்டு, என் தட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தான்.

"உனக்கு நேரமாகலையா?" என்றேன்.

"இன்னும் இருக்கு. அவன் அந்த பேண்ட்டுக்குள்ள நுழையறதுக்கே அரை மணி ஆகும்."

அப்போது சைரன் எழுந்தது.

குழந்தைகள் போட்ட கூச்சலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. வெர்னா மேடைக்கு ஓடினாள், மைக்கைப் பிடித்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. "யாரு வர்றாங்க? யாரு வர்றாங்க?"

"தாத்தா! கிறிஸ்துமஸ் தாத்தா!"

"அவருக்குக் கேக்கலையாம்! கை தட்டுங்க! சத்தமா!"

தட்டினார்கள். நாங்களும் தட்டினோம். சுவரோரம் நின்ற ஆண்கள் பீர் பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு தட்டினார்கள். மெர்வும் ஒரு கையால் தன் தொடையில் தட்டிக்கொண்டிருந்தான். "எவன்டா அது, என்னை விட்டுட்டே ஆரம்பிச்சுட்டான்? க்ளெம் அவனே நடந்து போயிட்டான் போல" என்றான் என்னிடம். "பொறுமை இல்லாத பய."

சைரன் நிற்கவில்லை. "அடேயப்பா, க்ளெமுக்கு விரல் ஒட்டிக்கிச்சு" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

"இன்னும் சத்தமா!" என்றாள் வெர்னா மைக்கில். "நீங்க கூப்பிட்டாத்தான் அவர் வருவார்! இன்னும்! இன்னும்!"

பின்கதவு இடிபட்டுத் திறந்தது. சிவப்புக் கால்சட்டை, சிவப்புக் கோட்டு, பித்தான் போடாமல் உள்ளே வெறும் பனியன். தாடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு வியர்வை வழிய க்ளெம் நின்றான். "எங்க அந்த மெர்வ்? நான் இல்லாம எதுக்குடா அமுக்குறான் அந்த மடையன்? ஏழு கழுதை வயசாச்சு, ஒரு—"

மெர்வைப் பார்த்தான். பேச்சு நின்றது.

மெர்வ் அவனைப் பார்த்தான். மெர்வின் வாயில் ரொட்டி இருந்தது. அதை அவன் மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

"நீ அமுக்கலையா?" என்றான் க்ளெம், கிசுகிசுப்பாக.

மெர்வ் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான். நாங்கள் மூன்று பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டோம். அப்போதுதான் முதல் முறையாகக் கேட்டோம் என்று சொல்ல வேண்டும். விட்டு விட்டு வரவில்லை அது. அடங்கும்போதெல்லாம் மறுபடி பிடித்து ஏற்றி, ஏற்றி, யாரோ அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.

நான் மேடைக்கு ஓடினேன். வெர்னாவின் கையைப் பிடித்தேன். அவள் சிரித்த முகத்தோடு திரும்பினாள். நான் மைக்கைக் கவனிக்கவில்லை. "வெர்னா, நிறுத்து. சைரன நம்ம ஆளு யாரும் அமுக்கலை" என்றேன்.

அது ஹால் முழுக்கப் போயிற்று, தெருவுக்கும் போயிற்று.

ஆண்களின் கைகள் தட்டின நிலையிலேயே நின்றன. குழந்தைகள் இன்னும் கொஞ்சம் கத்தினார்கள், பிறகு பெரியவர்களின் முகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக ஓய்ந்தார்கள். கடைசியில் சைரன் மட்டும் மிஞ்சியது. எத்தனையோ தீயைப் பார்த்த ஊர் எங்களுடையது. ஆனால் அன்று அந்த ஹாலில் இருந்த மாதிரி ஒரு முகக் கூட்டத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

வெர்னாதான் முதலில் அசைந்தாள். மேடையிலிருந்து குதித்தாள். கிழக்கு ஜன்னலுக்குப் போய் அந்தச் சுருக்குக் காகிதத்தை இரண்டு கையாலும் பற்றிக் கிழித்தாள். சிவப்பு கிழிந்தது, பச்சை கிழிந்தது. தானியக் கோபுரங்களுக்குப் பின்னால் வானம் பழுப்பாக இருந்தது. அடியில் கறுப்பு. இல்லை என்று அவள் சொன்ன காற்று வந்துவிட்டிருந்தது; புகை சாய்ந்திருந்தது.

"ரோட்டோரக் காடு" என்றாள். சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது. "லான்ஸ் தனியா இருக்கார்."

அதன் பிறகுதான் ஓட்டம். பாட்டில்கள் உருண்டன, நாற்காலிகள் சாய்ந்தன. ஆண்கள் கதவை நோக்கிப் பாய, குழந்தைகள் தாத்தாவைப் பார்க்கத்தான் அப்பா ஓடுகிறார் என்று நினைத்து அவர்களுக்குப் பின்னாலேயே பாய்ந்தார்கள். பிடிக்கப் பிடிக்க நழுவினார்கள். வராந்தாவில் வந்து நின்றபோது நான் கண்டது இதுதான்: தெருவின் நடுவில் க்ளெம், சிவப்புக் கோட்டு பறக்க, புது பூட்ஸ் தடதடக்க, கொட்டகையைப் பார்த்து ஓடுகிறான். அவனுக்கு முன்னால் மெர்வ், சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டு. எதிர்த்திசையில் கொட்டகைப் பக்கமிருந்து ஒருவன் ஓடி வருகிறான். சட்டையில் ஒரு கை இல்லை. முகம் கரி.

லான்ஸ்.

"தாத்தா! தாத்தா!" என்று குழந்தைகள் கை தட்டினார்கள். எதிரே வந்தவனுக்கும் சேர்த்துத் தட்டினார்கள்.

அவனும் க்ளெமும் நடுத்தெருவில் மோதாத குறையாக நின்றார்கள். லான்ஸ் க்ளெமை மேலும் கீழும் பார்த்தான். கரி படிந்த முகத்தில் கண்ணின் வெள்ளை மட்டும் தெரிந்தது. திரும்பி அவர்களோடு கொட்டகைக்கு ஓடினான்.

உயிரோடு இருக்கிறான் என்று சொல்லி நான் வெர்னாவைத் தொட்டேன். அவள் நின்ற இடத்தில் நின்றாள். "அவர்தான் அமுக்கியிருக்கார்" என்றாள். "இவ்வளவு நேரமும் அவர்தான்."

வண்டி புறப்பட்டு வந்தது. மேலே ஜரிகை சுற்றிய நாற்காலி. அதில் யாரும் உட்காரவில்லை. க்ளெம் நின்றுகொண்டு ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, மறு கையால் பம்புக்குக் குறுக்கே கிடந்த பரிசு மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தான். அது வரவில்லை. காலால் உதைத்தான். மூட்டை வாய் பிளந்து, ஹாலுக்கு நேர் எதிரே, குழந்தைகளின் கண்முன்னால், சாலையோரப் புழுதியில் விழுந்து உருண்டது. பொட்டலங்கள் சிதறின. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டி நிற்காமல் போய்விட்டது. அதன் பின்னால் ஊரின் பிக்கப்புகள் எல்லாம் புழுதி கிளப்பிக்கொண்டு போயின.

பிறகு, முந்தைய வருடம் பூட்ஸைக் கண்டுபிடித்த அதே குட்டி என் கவுனைப் பிடித்து இழுத்தாள். "தாத்தா ஏன் எல்லாத்தையும் தூக்கிப் போட்டார்? நாம சத்தமாத்தானே கூப்பிட்டோம்?"

"அவருக்கு அவசரம், கண்ணு. போ, கேக் சாப்பிடு" என்றேன். அவள் போகவில்லை. தாய்மார்கள் சாலையில் குனிந்து பொட்டலங்களைப் பொறுக்கத் தொடங்கினார்கள். குனிந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நான் கார்ச் சாவியை எடுத்தேன். வெர்னா ஹால் வாசல் தொட்டியில் கோணிப்பைகளை முக்கி என் பின்சீட்டில் போட்டாள். அந்தக் கார் அதற்கப்புறம் நெடுநாள் நாறியது. வழியில் அவள் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "வெளிய கட்டின ஒலிபெருக்கி கொட்டகை வரைக்கும் கேக்குமா?"

"தெரியல" என்றேன். தெரியும். அதற்காகத்தானே கட்டினோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேய்ச்சல் நிலத்து ஓரம் தீ அடங்கிவிட்டிருந்தது. சாலையைத் தாண்ட விடாமல் நிறுத்திவிட்டார்கள். காடு போய்விட்டது. காலையில் முழங்காலுக்கு மேல் நின்ற பொன்னிறம் எல்லாம் தரையோடு கறுப்பு விரிப்பாகக் கிடந்தது. நடுவில் அறுப்பு இயந்திரம், டயர் எரிந்து, ஒரு பக்கமாக மண்டியிட்ட மாதிரி. அதற்கு அப்பால் பம்ப் வண்டி, ஓட்டுநர் இருக்கையில் கம்பிச் சுருள்கள் மட்டும். என்ன நடந்தது என்று மெர்வ்தான் சொன்னான். இயந்திரத்தின் அடியில் ஏதோ சூடேறிப் பிடித்திருக்கிறது. லான்ஸ் பம்பை முடுக்கிவிட்டுக் குழாயோடு ஓடினால் வண்டியை நகர்த்த ஆளில்லை. வண்டியை நகர்த்தினால் குழாய் பிடிக்க ஆளில்லை. காற்று எழுந்ததும் இரண்டையும் விட்டுவிட்டு வயலில் நின்ற பழைய லாரியில் ஏறி ஊருக்கு வந்திருக்கிறான். வீட்டுத் தொலைபேசியைவிட ஊர்தான் பக்கம்.

"ஒரு ஆளு கூட இருந்திருந்தா அணைச்சிருக்கலாம்" என்றான் மெர்வ். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. சட்டைப்பையைத் தடவிக்கொண்டு, "சாவி வேற என்கிட்ட இருந்துச்சு" என்றான்.

க்ளெம் தீயணைப்பு வண்டியின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். தாடி எங்கேயோ போய்விட்டது. சிவப்புக் கால்சட்டை முட்டிவரை உருகிச் சுருங்கி, உள்ளே தோல் சிவந்திருந்தது. "நைலான்" என்றான் என்னிடம். "நெருப்புப் பக்கத்துல போனதும் சும்மா மெழுகு மாதிரி. லான்ஸ்தான் தாடியைப் பிடுங்கி எறிஞ்சான். இல்லன்னா மூஞ்சி போயிருக்கும்." அவன் பல் தந்தியடித்தது, அந்த வெக்கையில். "பிள்ளைங்க என்ன பண்ணுதுங்க?"

"காத்துக்கிட்டு இருக்கு."

"இந்தக் கோலத்துலயா போறது?"

நான் வெர்னாவைப் பார்த்தேன். விழா விஷயத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. கடைசியில் மெர்வ்தான் அவனை எழுப்பிக் கூட்டிப் போனான். க்ளெம் அப்படியே, தாடி இல்லாமல், கரியும் கொப்புளமுமாக மேடையில் உட்கார்ந்து பெயர் கூப்பிட்டானாம். ஒரு குழந்தைகூட க்ளெம் மாமா என்று சொல்லவில்லையாம். ஒவ்வொருத்தராக வந்து, பொட்டலத்தை வாங்கி, அவன் காலை மிதித்துவிடாமல் விலகிப் போனார்களாம். ஊர் அதை ஒரு அதிசயம் போலப் பின்னால் பேசியது. எனக்கு அது அதிசயமாகப் படவில்லை. பயந்த பிள்ளைகள் மரியாதையாகத்தான் இருக்கும்.

லான்ஸ் வேலியோரம் இருந்தான். வேலிக்கு நட்ட கம்பங்கள் மாலி என்கிற கெட்டி மரம், உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். அணைந்த மாதிரி தெரியும், காற்றடித்தால் மறுநாள் மறுபடி பிடிக்கும். ஒவ்வொரு கம்பமாக வாளியிலிருந்து ஊற்றிக்கொண்டு போனான். வலது முன்கை முழுக்கத் தோல் உரிந்திருந்தது. வெர்னா ஈரக் கோணியோடு அவன் பக்கம் நடந்தாள். வெள்ளைச் செருப்பு ஒவ்வொரு அடிக்கும் சாம்பலில் புதைந்தது. நான் தொட்டியில் வாளி நிரப்பிக் கொடுக்கிற தூரத்தில் இருந்தேன். காது கேட்காத மாதிரி இருக்க முயன்றேன்.

"கைய காட்டு" என்றாள்.

"ஒண்ணும் இல்ல."

"லான்ஸ். கைய காட்டு."

காட்டினான். அவள் பார்த்தாள். தொடவில்லை. "நான்தான் தட்டச் சொன்னேன்" என்றாள்.

"தெரியும். கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

அவன் அடுத்த கம்பத்துக்கு நகர்ந்தான். ஊற்றினான். உஸ்ஸென்று ஆவி எழுந்தது. "உன் குரல்தான். நான் அமுக்க அமுக்க, நீ இன்னும் சத்தமா, இன்னும் சத்தமான்னே."

அவளுக்கு வாய் திறந்தது, மூடவில்லை. அடி வாங்கின ஆள் உடனே அழுவதில்லையே, அந்த மாதிரி நின்றாள். அப்புறம், கோபம் மாதிரி ஒன்று வந்தது. "அப்ப ஹாலுக்கு ஓடி வந்திருக்கக் கூடாதா? அங்கதானே இருந்தோம் எல்லாரும்? எதுக்கு அங்கயே நின்னு அமுக்கிட்டே இருந்தே?"

லான்ஸ் வாளியைக் கீழே வைத்தான். அவன் நிஜமாகவே அந்தக் கேள்வியை யோசித்தான் என்று நினைக்கிறேன்.

"வருவீங்கன்னு நெனச்சேன்" என்றான். "இருபத்தஞ்சு வருஷமா சைரன் அடிச்சா வருவாங்க, வெர்னா. கை தட்டுற சத்தம் கேட்டப்பக்கூட, வந்துட்டு இருக்காங்கன்னுதான் நெனச்சேன்."

அவள் குனிந்து செருப்பைக் கழற்றி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தாள். அங்கே கிடந்த யாருடைய ரப்பர் பூட்ஸிலோ காலை விட்டாள், அவள் காலுக்கு இரண்டு மடங்கு பெரிது. வாளியை அவன் கையிலிருந்து வாங்கினாள். அவன் கொடுக்கவில்லை, இவள் விடவில்லை, கடைசியில் வந்தது.

"நீ கைய தொட்டியில வெச்சுட்டு உட்காரு" என்றாள். "எந்தக் கம்பம் மிச்சம்னு மட்டும் சொல்லு."

அவன் உட்கார்ந்தான். வலக்கையைத் தண்ணீரில் வைத்தான். வெயில் சாய்ந்து கொண்டிருந்தது. "அதுக்கு அடுத்தது" என்றான். அவள் ஊற்றினாள். "அது இல்ல, அதுக்கும் அடுத்தது."